மட்டம் பார்க்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு சிவில் படிக்க வருகிற பல பிள்ளைகளுக்கு நில அளவைப் பாடம் பெரிய இடி. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கில விரிவுரை. அப்புறம் சோளகக் காற்றில் ட்ரைபொட்டை, அதாவது கருவியை வைக்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளிவேலை. நானும் அதைப் படித்தவள்தான். இப்போது சிறு குளங்களின் திருத்த வேலையில் இருக்கிறேன். அந்தப் பாடம் வயல் கணக்குக்கும் காணிப் பிணக்குக்கும் கைகொடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

மட்டம் பார்ப்பது என்றால் இடங்களின் உயர வித்தியாசத்தை அளப்பது. லெவல் என்ற கருவியால் பார்த்து, எதிரே நிறுத்திய ஸ்டாஃப் என்ற அளவுகோலில் உள்ள எண்ணை வாசித்து, பீல்ட் புக் என்ற வெளிவேலைக் கொப்பியில் எழுதுவோம். அந்தக் கொப்பியில் எதையும் அழிக்காதீர்கள். 1.452 என்பதை 1.425 என்று எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு கீறி, மேலே சரியானதை எழுதுங்கள். பழைய எண்ணும் வாசிக்கத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டுக் காலபோகக் கொப்பியும் இப்போது இப்படித்தான்: உழவு, விதைநெல், பசளை, வெட்டுக்கூலி எல்லாம் பேனையில். கடனுக்கு எடுத்த பசளைக்குக் காசு கட்டப் போகும்போது, கோடு கீறித் திருத்திய பக்கத்தை விரித்துக் காட்டிக் கதைக்கலாம். அழித்தெழுதிய பக்கத்தை யார் நம்புவார்கள்?

அடுத்தது, கருவியை எங்கே ஊன்றுவது என்பது. பின்வாசிப்புக்கும் (உயரம் தெரிந்த பின்புள்ளியில் எடுப்பது) முன்வாசிப்புக்கும் (அடுத்த புள்ளியில் எடுப்பது) கருவியிலிருந்து தூரம் சமமாக இருக்கட்டும். உங்கள் லெவலின் பார்வைக்கோடு கொஞ்சம் மேலே சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். நடுவில் நின்றால் இரண்டு வாசிப்பிலும் ஒரே அளவு பிழை ஏறும், கழிக்கும்போது போய்விடும். ஒரு பக்கம் கிட்ட நின்றால் அந்தப் பிழை விடையிலேயே தங்கிவிடும். கருவியின் சாய்வைக் கண்டுபிடிக்கச் செய்கிற இரு முளைச் சோதனையின் அடிப்படையும் இதுதான்.

என் வாழ்க்கையில் மிகவும் உதவியது நடுவில் நிற்கிற இந்த ஒன்று. மீள்குடியேறிய பிறகு எங்கள் பக்கத்தில் எல்லைப் பிணக்கு இல்லாத ஒழுங்கை குறைவு. வேலி போனது, கல் போனது, சிலருக்குக் காணி உறுதிப் பத்திரமும் போனது. சொந்தக்காரர் இப்படி ஒரு பிணக்கோடு வந்தால் நான் முதலில் மற்ற வீட்டுக்கும் போவேன். இங்கே எவ்வளவு நேரம் இருந்து கேட்டேனோ, அங்கேயும் அவ்வளவு நேரம் இருந்து கேட்பேன். எனக்கும் ஒரு சாய்வு உண்டு என்று எனக்குத் தெரியும். அதை முழுதாக நிமிர்த்த முடியாது, ஆனால் நிற்கிற இடத்தை நான் தெரிவு செய்யலாம்.

தொடங்கிய பெஞ்ச்மார்க்குக்கே, அதாவது உயரம் தெரிந்த அடையாளப் புள்ளிக்கே திரும்பி வந்து முடியுங்கள். தொடங்கிய உயரமே திரும்ப வர வேண்டும், வராத வித்தியாசம்தான் பிழை. சாதாரண வேலைக்குப் பொதுவாக 12√K மில்லிமீற்றர் வரை பிழை ஏற்கப்படும். K என்பது கிலோமீற்றரில் நடந்த தூரம். அதற்குள் வந்தால் பிழையைப் புள்ளிகளுக்குப் பங்கிட்டுத் திருத்துங்கள். மிஞ்சினால் திரும்ப அளவுங்கள். வாசிப்பை மாற்றிப் பிழையைப் பூச்சியமாக்குவதை நான் மன்னிக்க மாட்டேன். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்துத் தண்ணீர், சரிவை நம்பித்தான் வாய்க்காலில் ஓடுகிறது. கொப்பியில் பொய் எழுதினால் கடைசி வயல்காரர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

காலையிலேயே தொடங்குங்கள், மதியத்தில் கானல் எழுந்து எண்கள் ஆடும். காற்றில் ஸ்டாஃப் நேராக நிற்காவிட்டால் மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கச் சொல்லி, மிகக் குறைந்த வாசிப்பை எடுங்கள்.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. குழுவில் உங்கள் கையில் கொப்பியை மட்டும் தந்துவிட்டு, "வெயிலுக்குள் நிற்காதேங்கோ" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். கேட்காதீர்கள். முறை வைத்து நீங்களும் ட்ரைபொட்டை ஊன்றுங்கள், கால்களை மண்ணில் மிதித்து இறுக்குங்கள், திருகுகளைத் திருப்பிக் கருவியின் மட்டக் குமிழை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். செய்முறைப் பரீட்சையில் அதைத் தனியாகச் செய்ய வேண்டி வரும், குளக்கட்டிலும்தான்.