நேட்டால் பதிவுகளில் முன்னோரின் தொழில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் விவரங்கள் கப்பல் பட்டியல்களில் இருக்கின்றன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், எசமானின் பெயர் எல்லாம் அதில் அகப்படும். ஊரில் என்ன வேலை செய்தார் என்பது மட்டும் பெரும்பாலும் அகப்படாது. அந்த இடைவெளியைச் சாதிக் கட்டத்தைக் கொண்டு அடைத்துவிடுவதே நான் அடிக்கடி காணும் பிழை. ‘கைக்கோளர்’ என்றிருந்தால் கொள்ளுத்தாத்தாவை நெசவாளியாக்கிவிடுகிறார்கள். ஊரில் அவர் தறியில் உட்கார்ந்திருக்கலாம், உட்காராமலும் இருந்திருக்கலாம். நேட்டாலில் அவர் கைக்கு வந்தது பெரும்பாலும் கரும்பு வெட்டும் கத்திதான். ‘செட்டி’ என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு டர்பனில் கடை தேடுவதும் இதே கதைதான்.

நேட்டாலில் செய்த தொழிலின் தடயம் எசமான் கட்டத்தில்தான் இருக்கிறது. கரும்புத் தோட்டமா, நேட்டால் அரசு ரயில்வேயா, டண்டீ வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கமா, கியர்ஸ்னி தேயிலைத் தோட்டமா, டர்பன் நகராட்சியா என்று பாருங்கள். எல்லோரும் கரும்பு வெட்டியவர்கள் என்ற குடும்பக் கதையை அப்படியே நம்ப வேண்டாம். 1894-இல் எசமானிடம் அடிபட்டு, காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரமும் ஒப்பந்தக் கூலிதான். அவர் வேலை பார்த்தது டர்பனில் ஒரு வெள்ளையரிடம். சமையற்காரர், உணவு பரிமாறுபவர் போன்றவர்களைத் தனியே ‘சிறப்புப் பணியாளர்’ என்று வரவழைத்ததும் உண்டு. இன்னொன்று: ஒப்பந்தம் இடையில் வேறு எசமானுக்கு மாற்றப்படலாம். முதல் பெயரோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

‘கூலி’ என்பதைத் தொழிலாகக் குறித்துக்கொள்ள வேண்டாம். இந்தியர் எவரையும் அப்படி இழிவாகக் குறிப்பிட்டு, காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைத்த நாடு இது. ‘சர்தார்’ என்றிருந்தால் சீக்கியர் என்று திகைக்கவும் வேண்டாம். அவர் வேலையாட்களின் கும்பலை மேய்த்த மேலாள், தமிழராகவும் இருக்கலாம். இலங்கை, மலாயாக் கங்காணியைப் போல ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் என்றும் கொள்ளக்கூடாது. நேட்டாலுக்கான ஆள்சேர்ப்பு சென்னையிலிருந்த குடியேற்ற ஏஜெண்ட் வழியாக நடந்தது.

மிகவும் வருத்தம் தரும் பிழை வேறு. ஒரு பதிவில் காய்கறித் தோட்டக்காரர் அல்லது கூடை வியாபாரி. சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர் மறுபடி ஒப்பந்தக் கூலி. உடனே, குடித்து அழித்தார், சூதாடித் தோற்றார் என்று வீட்டில் ஒரு கதை கிளம்பிவிடும். முதலில் அவர் வந்த ஆண்டைப் பாருங்கள். 1895-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும். 3 பவுன் என்பது 60 ஷில்லிங், அதாவது முதலாண்டின் ஆறு மாதக் கூலி. பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதே வரி விழுந்தது. மறு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்தவர் சீரழிந்தவர் என்று எப்படிச் சொல்வது? 1914-இல்தான் இந்த வரி ஒழிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின் வந்தவர்களிடம் அதுவரை நேர்ந்த தொழில் மாற்றம் எதையும் வரியோடு சேர்த்தே படியுங்கள்.

பெண்களின் பெயருக்கு எதிரே தொழில் இல்லையென்றால் ‘இல்லத்தரசி’ என்று நிரப்பாதீர்கள். ஆண்களுக்குக் கொடுத்ததில் பாதிக் கூலிக்கு அதே கரும்புக்காட்டில் களையெடுத்தவர்கள் அவர்களில் ஏராளம்.