முதலில் யார்டுக்குப் போய் டோனரை எண்ணுங்கள்

அபாயகரமான கெமிக்கல் வைத்திருக்கும் ஆலையில் சேஃப்டி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது மேனேஜர் ஒரு தடித்த ஃபைலைக் கையில் கொடுத்து "இனிமே இதை நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார் என்றால், அந்த ஃபைலை அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள். ஸ்டோர் ஆளைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போங்கள். எந்தெந்த கெமிக்கல் இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்த இடத்தில், எதன் பக்கத்தில் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஃபைலில் இருப்பது போன வருடத்துக் கணக்கு. சில ஆலைகளில் பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கு.

எண்ணுவது ஏன் முக்கியம்? இந்தியாவில் இந்த விஷயத்துக்கு அடிப்படை 1989இல் வந்த விதிகள். அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றியவை. நம் ஆட்கள் எம்.எஸ்.ஐ.எச்.சி ரூல்ஸ் என்று சொல்வார்கள். போபாலுக்குப் பிறகு 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போட்டவை. உங்கள் ஆலைக்கு என்னென்ன கடமை என்பதை இந்த விதிகளில் முடிவு செய்வது அளவுதான். அட்டவணையில் ஒவ்வொரு கெமிக்கலுக்கும் இரண்டு வரம்பு இருக்கும். குளோரினுக்கு 10 டன், 25 டன். தனியாகச் சேமித்து வைக்கும் அம்மோனியாவுக்கு 60 டன், 600 டன். போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டுக்கு வெறும் 150 கிலோ. கீழ் வரம்பைத் தொட்டாலே இடத்தை அறிவிக்க வேண்டும், ஆன்-சைட் எமர்ஜென்சி பிளான் (ஆலைக்குள் விபத்து நடந்தால் யார் என்ன செய்வது என்ற திட்டம்) வேண்டும், அக்கம்பக்கத்து மக்களுக்குத் தகவல் போக வேண்டும். மேல் வரம்பைத் தொட்டால் அதோடு சேஃப்டி ரிப்போர்ட்டும், வெளி நிபுணரை வைத்து வருடா வருடம் சேஃப்டி ஆடிட்டும் சேரும்.

குளோரினையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டோனரில், அதாவது குளோரின் நிரப்பி வரும் பெரிய இரும்பு உருளையில், 900 கிலோ. 11 டோனர் என்றால் 9.9 டன், வரம்புக்குள் இருக்கிறீர்கள். 12 ஆனால் 10.8 டன், தாண்டிவிட்டீர்கள். இதில் பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? இன்றைக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு அதையே எழுதிவிடுவார்கள். எழுத வேண்டியது அதிகபட்சமாக எவ்வளவு இருக்கக்கூடும் என்பது. புது லோடு இறங்கிய அன்று, பழைய லோடில் மூன்று டோனர் இன்னும் தீராமல் நிற்கிற நாளில், எண்ணிக்கை என்ன? அதுதான் உங்கள் அளவு. இன்னொன்று, ஒரே நிறுவனத்துக்கு 500 மீட்டருக்குள் இரண்டு இடத்தில் சேமிப்பு இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷெட் வேறு கணக்கு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காலி டோனர் என்று ஓரமாக உருட்டி வைத்திருப்பதில் மிச்ச கேஸ் இருக்கும், அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, வரம்பைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு, அதாவது டிஷ்ஷுக்கு, ஏழாவது அட்டவணைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். வேலை தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னால். மேல் வரம்பில் இருந்தால் சேஃப்டி ரிப்போர்ட் 90 நாள் முன்னால். பிறகு அளவு மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஆடிட் முடிந்த 30 நாளுக்குள் அறிக்கையை உங்கள் பதிலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். காலண்டரில் தேதி போட்டுக்கொண்டால் இதெல்லாம் தானாக நடக்கும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நேரம் செலவிட வேண்டியது ஆன்-சைட் பிளானில். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் கன்சல்டன்டிடம் கொடுத்து, வேறு ஏதோ ஆலையின் பிளானில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வைக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இரவு ஷிப்டில் மாக் டிரில், அதாவது விபத்து ஒத்திகை, வைத்தோம். பிளானில் போட்டிருந்தபடி சைட் கன்ட்ரோலருக்கு (விபத்து நேரத்தில் மொத்தப் பொறுப்பும் ஏற்பவர்) ஃபோன் போட்டால், எடுத்தவர் அவருடைய மகன். அப்பா ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது என்றார். அடுத்த எண்ணுக்குப் போட்டோம், அது உபயோகத்தில் இல்லை. அதற்குள் ஒன்பது நிமிடம் போய்விட்டது. அன்றைக்கு நிஜமாகவே குளோரின் கசிந்திருந்தால் அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் பிளானை இப்படி எழுதுங்கள். இரவு இரண்டு மணி, ஷிப்டில் இருப்பது ஒரு ஆப்பரேட்டர், ஒரு ஹெல்ப்பர், கேட்டில் ஒரு செக்யூரிட்டி. டோனர் வால்வில் கசிவு. முதலில் யார் என்ன செய்ய வேண்டும்? மூச்சுக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது, அது குளோரின் அறைக்கு உள்ளேயா வெளியேயா? (உள்ளே இருந்தால் நாளைக்கே வெளியே மாற்றுங்கள்.) சிலிண்டரில் காற்று இருக்கிறதா? அதை மாட்டத் தெரிந்தவர் அந்த ஷிப்டில் யார்? குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய் உட்காரும். அப்படியிருக்க ஆட்கள் வந்து கூடும் அசெம்பிளி பாயின்ட் தாழ்வான இடத்தில், காற்று போகும் திசையில் இருந்தால் ஆட்களை நாமே கேஸுக்குள் அனுப்புகிறோம். திசை பார்க்கும் துணிப்பை, அதுதான் விண்ட் சாக், இரவில் தெரிகிறதா, மேலே லைட் இருக்கிறதா என்று ஒரு நாள் ராத்திரி நின்று பாருங்கள். அசெம்பிளி பாயின்ட் இரண்டு எதிரெதிர்த் திசையில் இருப்பது நல்லது.

கசியும் டோனர் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது என்பது ஹெல்ப்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஈரத்தோடு சேர்ந்தால் குளோரின் இரும்பை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். திரவமாகக் கசிந்தால் டோனரை உருட்டி ஓட்டையை மேல்பக்கம் கொண்டு வர வேண்டும், அப்போது திரவம் நின்று கேஸ் மட்டும் வரும். ஒரு பங்கு திரவம் 450 பங்குக்கு மேல் கேஸாக விரியும் என்பதால் இந்த ஒரு காரியம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். இப்படிப்பட்டதை எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதி அறைக்கு வெளியே ஒட்டுங்கள். வடநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும்.

மாக் டிரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம். பகல் பதினோரு மணிக்கு, எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி, ஃபோட்டோ எடுத்து முடிப்பதால் பயன் இல்லை. ஒரு முறையாவது இரவில், ஷிப்டு மாறும் நேரத்தில் வையுங்கள். எது சொதப்பியதோ அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். குறையே இல்லாத ரிப்போர்ட்டை எந்த இன்ஸ்பெக்டரும் நம்ப மாட்டார்.

அப்புறம் மதில் சுவருக்கு வெளியே. ஆஃப்-சைட் பிளான் போடுவது அரசின் வேலை, ஆனால் அதற்கான விவரத்தைக் கொடுக்க வேண்டியது நீங்கள். ரசாயன விபத்துகள் பற்றிய 1996 விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு இருக்கிறது, 45 நாளுக்கு ஒரு முறை கூட வேண்டும். அதற்குக் கீழே உள்ளூர்க் குழு, மாதா மாதம். அதில் உங்கள் ஆலை சார்பில் யார் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் நீங்களே போங்கள். 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோது சுற்றியிருந்த மக்கள் தூக்கத்தில் இருந்தார்கள், 12 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை சைரன் ஒலிக்கவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது, ஈரத்துணியை மூக்கில் கட்டுவதா, வீட்டுக்குள்ளேயே கதவை அடைத்துக்கொண்டு இருப்பதா என்பதை அந்த ராத்திரியில் கற்றுக்கொடுக்க முடியாது. 1989 விதிகளில் விதி 15 சொல்வதும் இதுதான்: பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், ரேஷன் கடைக்காரர், மீனவர் சங்கம் என்று ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். சைரன் எப்படி ஒலித்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் கேட்க வைத்துக் காட்டுங்கள். பயந்துவிடுவார்கள் என்று மேனேஜ்மென்ட் தயங்கும். அவர்கள் ஏற்கனவே பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள், விவரம் தெரியாமல்.

விபத்து நடந்தே விட்டால்? 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஆறாவது அட்டவணைப் படிவத்தில் அறிக்கை தர வேண்டும். ஆனால் அது தாளுக்கான கெடு. தீயணைப்புத் துறை 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, இவற்றுக்கு முதல் சில நிமிடத்திலேயே ஃபோன் போக வேண்டும். "முதலில் நாமே அடைத்துப் பார்ப்போம், அப்புறம் சொல்லலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷிப்டு இன்சார்ஜ் யாரையும் கேட்காமலே ஃபோன் செய்யலாம் என்று பிளானில் எழுத்தில் இருக்கட்டும், மேனேஜர் அதில் கையெழுத்துப் போடட்டும். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். 1991 சட்டப்படி அது கட்டாயம்.

போபாலில் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு என்ன கேஸ் தாக்கியது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அதனால் கடைசியாக ஒன்று. உங்கள் முக்கியமான கெமிக்கல்களின் எஸ்.டி.எஸ் (ஒவ்வொரு கெமிக்கலின் ஆபத்து, முதலுதவி விவரம் உள்ள தாள்), யார்டு வரைபடம், அதிகபட்ச அளவு, இந்த மூன்றையும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொரு செட்டை ஒரு சிவப்புப் பெட்டியில் போட்டு கேட்டிலேயே வையுங்கள். செக்யூரிட்டி மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, வண்டி வந்ததும் இதைத்தான் முதலில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்.