முழங்கால் தேய்மானத்துக்கு நாமே செய்துகொள்ளும் அக்குபிரஷர்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை படியும் சரிவுமாகவே இருப்பதால், மூட்டு தேய்ந்த முதியவர்கள் பலருக்கு ஏற்றத்தைவிட இறக்கமே அதிகம் வலிக்கிறது. இறங்கும்போது முட்டிச்சில்லின் அடியில் அழுத்தம் கூடுவது இதற்கு ஒரு காரணம். இந்த வலியைத் தணிக்க, மருத்துவர் சொன்ன மருந்தையும் உடற்பயிற்சியையும் விடாமல், அவற்றுடன், உடலின் குறிப்பிட்ட இடங்களை விரலால் அழுத்தும் அக்குபிரஷரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐம்பது வயதைக் கடந்த 314 பேரைக் கொண்டு ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இருவேளையாக 12 வாரங்கள் தாமே அழுத்திக்கொள்ளக் கற்றவர்களுக்கு, மூட்டு நலம் பற்றிய வகுப்பு மட்டும் கேட்டவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்ந்துவிடாது.

பாதம் தரையில் படியும்படி, முழங்காலை மடக்கி நாற்காலியில் உட்காருங்கள். உறைபனிக் காலமென்றால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே நடுவில் தடவினால் கயிறுபோல் ஒரு தசைநாண் தட்டுப்படும். அதன் இருபுறமும் உள்ள குழிகளே முதலில் அழுத்த வேண்டியவை. வெளிப்புறக் குழியிலிருந்து நான்கு விரற்கடை கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை வெளியே அடுத்த இடம். மற்றொன்று உட்புறத்தில்: கணுக்காலிலிருந்து எலும்பின் உள்விளிம்பை ஒட்டிக் கட்டைவிரலை மேலே நகர்த்தினால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு வளைந்து விரலைத் தடுக்கும். அவசரத்தில் எளிதாகத் தவறிப்போகும் இடம் இது; நிதானமாகத் தேடுங்கள்.

நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, சிறு வட்டமாகச் சுழற்றுங்கள்; ஓரிடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு அழுத்தத்தின் அளவு எளிதில் பிடிபடாது என்பதால், முகம் சுளிக்கும் முன்பே கையைத் தளர்த்த வேண்டும். கன்றிப்போகும்வரை அழுத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

முழங்கால் சிவந்து சூடாக வீங்கியிருந்தாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, கை வைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பின்னது இரத்தக்கட்டாக இருக்கலாம். புண்ணையும் சுருண்டு புடைத்த நரம்பையும் தொடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களும், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

காலையில் வெளியே கிளம்பும் முன்பும் இரவு படுக்கும் முன்பும் செய்வது வசதி. வலி குறைந்துவிட்டதென்று கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வலிக்காத பக்கத்துக் கையில் அதைப் பிடித்து, படி இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள்.