சர்க்கரை 180தான், ஆனாலும் கீட்டோஅசிடோசிஸ்: கிளினிக்கில் தொடரும் தவறுகள்

2020-இல் காப்புரிமை முடிந்ததும் இந்தியாவில் சர்க்கரை நோய் மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினின் விலை மளமளவென்று இறங்கியது. இன்று தெருமுனை கிளினிக்கிலும் அது எழுதப்படுகிறது. எழுதுவதில் குறையில்லை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதன் பலனை டாபா-எச்.எஃப்., டாபா-சி.கே.டி. ஆய்வுகள் காட்டிவிட்டன. டைப் 1 நோயாளிக்கு வேண்டாம், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கோட்டை விடுவது வேறு இடத்தில்.

குளுக்கோமீட்டரை நம்பிவிடுவது

டாபாகிளிஃப்ளோசின் எடுக்கும் நோயாளிக்கு இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி, அசதி. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 186. ‘கேஸ் டிரபிள்’ என்று பான்டபிரசோல், ஆன்டன்செட்ரான் ஊசி, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் மேல்மூச்சு வாங்க, கீட்டோஅசிடோசிஸ் (இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்வது) என்று ஐ.சி.யூ.வில் சேர்க்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-லேயே இதை எச்சரித்தது, பத்தாண்டு கழிந்தும் இதே கதை நடப்பது எரிச்சலூட்டுகிறது.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டே இருக்கும். இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. ஆனால் இன்சுலின் குறைந்து, குளுக்ககான் (இன்சுலினுக்கு எதிராக வேலைசெய்யும் ஹார்மோன்) கூடி, கொழுப்பு கரைந்து கீட்டோன் சேரும். உடலில் நீர் வற்றினாலும் சிறுநீர் நன்றாகப் போவதால், ‘டீஹைட்ரேஷன் இல்லை’ என்று அங்கேயும் ஏமாறுகிறோம். 2024-இல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கை இதனால்தான் 250 என்ற பழைய வரம்பைக் கைவிட்டது: ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால், அளவு எதுவானாலும் கீட்டோஅசிடோசிஸ் என்று கருதலாம். இரத்த கீட்டோன் லிட்டருக்கு 3 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்து, கூடவே இரத்தத்தின் அமில அளவைக் காட்டும் பி.எச். 7.3-க்குக் கீழோ பைகார்பனேட் 18-க்குக் கீழோ இருந்தால் போதும்.

சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பட்டை அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோனைத்தான் காட்டும். அதிகம் சேர்வதோ பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன். இரத்த கீட்டோன் பார்க்க வசதி இல்லையா? மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றத் தொடங்கி, ‘எஸ்.ஜி.எல்.டி.2 எடுப்பவர், கீட்டோன் பார்க்கவும்’ என்று சீட்டில் எழுதி உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே சர்க்கரை இறங்கும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே டெக்ஸ்ட்ரோஸும் இன்சுலினும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். 186-ஐப் பார்த்து இன்சுலினை நிறுத்துவதுதான் ஆளைச் சாய்ப்பது.

முதலில் மாத்திரை ஸ்ட்ரிப்பை வாங்கிப் பாருங்கள். ‘மெட்ஃபார்மின் மட்டும்தான் போடுகிறேன்’ என்பவரின் மாத்திரை டாபாகிளிஃப்ளோசின் கலந்த கூட்டு மாத்திரையாக இருக்கலாம்.

எப்போது நிறுத்துவது என்று சொல்லாதது

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல்: அன்றே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்த வேண்டும். இயல்பாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி தொடங்கலாம் (கீட்டோஅசிடோசிஸே வந்தவருக்கு இது பொருந்தாது). முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதே வகை மருந்தான எர்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். பேலியோ டயட்டில் இருப்பவர், நாள் முழுக்க விரதம் இருப்பவர், குடிப்பழக்கம் உள்ளவர் ஆகியோரிடம் எழுதும் முன்பே கேளுங்கள். ஒல்லியான, பல ஆண்டு இன்சுலின் போடும் நோயாளிக்கு இதைத் தொடங்கியதும் இன்சுலினைப் பாதியாக வெட்டுவது ஆபத்தை வலிந்து அழைப்பது.

கிரியேட்டினின் ஏறியதும் பதறி நிறுத்துவது

டாபாகிளிஃப்ளோசின் தொடங்கிய சில வாரங்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) சற்று இறங்குவது எதிர்பார்த்ததே. 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மட்டும் நீரிழப்பு, டையூரெடிக் (சிறுநீர் பெருக்கி), வலி மாத்திரை மூன்றையும் விசாரியுங்கள். இரத்த அழுத்த மருந்தான ஏ.சி.ஈ. தடுப்பானும் டையூரெடிக்கும் எடுப்பவருக்கு முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதியது நாமாகவே இருக்கலாம்.

மெஃபனமிக் அமிலம்

இனி வேறு மருந்துகள். 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த வலி மாத்திரையால் வரும் ட்ரெஸ் எதிர்வினை (தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் மருந்து ஒவ்வாமை) பற்றி எச்சரித்தது. காய்ச்சலும் தடிப்பும் நிணநீர்க்கட்டி வீக்கமுமாக வந்தால், இன்று போட்ட மாத்திரையோடு கடந்த 8 வாரத்தில் போட்டதையும் கேளுங்கள். மாதவிடாய் வலிக்குக் கடையில் தானே வாங்கியதை நோயாளி மருந்துக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

சிப்ரோ, லீவோ

இந்த ஆன்டிபயாடிக்குகள் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு முதல் மருந்து அல்ல. சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமிபிரைடு போடுபவருக்கு இவற்றால் லோ சுகர் வரலாம்.

இரண்டு வயதுக்குள் இருமல் சிரப்

எழுதாதீர்கள்.