மாரிக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் விடும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் திருகோணமலையில் டயர் கடைகளுக்கு முன்னால் டபள் கெப்கள் நிற்கத் தொடங்கிவிடும். வருட மழையில் பெரும்பங்கு எங்களுக்கு மாரியிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், அதற்கு முன் டயரைக் கவனிப்பது நல்ல பழக்கம். ஆனால் தெரிவு செய்கிற முறையில்தான் பிழை. நான் தினமும் நகரத்திலிருந்து குச்சவெளிப் பக்கம் வேலைக்கு ஓடுகிறவன். கீழே சொல்லும் தவறுகளில் பாதியை நானே விட்டிருக்கிறேன்.

முதலாவது, டயரைத் தூர நின்று பார்த்து முடிவெடுப்பது. தடித்த கட்டைகள், இடையில் விரல் நுழையும் பள்ளங்கள், ஓரத்தில் பல்லுப் பல்லாகக் கொத்துகள். கண்டவுடன் இது எந்த வெள்ளத்திலும் போகும் என்று மனம் சொல்லிவிடும். சேற்றில் போகும், உண்மை. ஈரமான தார் வீதியில் நிற்க அது போதாது. குந்தியிருந்து ஒரு கட்டையைக் கிட்டப் பாருங்கள். அதன் முகத்தில் சவர அலகால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் வளைந்து ஓடுகின்றனவா? பெரிய பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளும். அதற்குப் பிறகும் தாரோடு ஒட்டிக் கிடக்கும் நீர்ப்படலத்தை உடைத்து, றப்பரைத் தாரில் பிடிக்கவைப்பவை இந்த வெட்டுகளின் விளிம்புகள்தான். மட் டெரெயின் டயரில், அதாவது சேற்றுக்கென்று செய்ததில், இவை மிகக் குறைவு. ஓல் டெரெயினில், அதாவது கடைக்காரர் ஏ.ரி. என்று சொல்வதில், மொடலுக்கு மொடல் வேறுபடும். வெட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். சிலவற்றில் மேலோடு நின்றுவிடும். டயர் பாதி தேயும்போது வெட்டு மறைந்து வெறும் கட்டைதான் மிஞ்சும்.

றப்பரின் கலவை கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கா கலந்த றப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்றாலும், அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஐரோப்பிய லேபல் உதவும். மழைமுகில் படத்துக்குப் பக்கத்தில் ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் ஈரப்பிடிப்பு மிக நல்லது. எங்கள் கடைகளில் அந்த லேபல் ஒட்டப்படாமல் இருக்கலாம். அதே மொடல் அதே அளவில் ஐரோப்பாவில் விற்கப்பட்டால் இணையத்தில் தேடி எடுத்துவிடலாம். டயரின் பக்கத்தில் மூன்று முகட்டு மலையும் பனிப்படிகமும் பொறித்திருப்பதைக் காட்டி, மழைக்கும் இது திறம் என்று சொல்வார்கள். அந்த முத்திரை பனியில் இழுக்கும் திறனைச் சோதித்துக் கொடுப்பது. மழையில் பிறேக் பிடிப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அகலமாகப் போடுகிற ஆசை அடுத்தது. 265/65 ஆர் 17 (அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம், றிம் 17 அங்குலம்) வந்த வாகனத்துக்கு 285 போட்டால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அகலம் கூடக்கூட டயர் ஒதுக்கவேண்டிய தண்ணீரும் கூடுகிறது. தேங்கிய தண்ணீரில் அது முந்தி மிதக்கும், அதாவது தாரைத் தொடாமல் தண்ணீருக்கு மேலால் வழுக்கிப் போகும். அகலத்தை விட்டு 265/70 போட்டாலும் சில்லு மூன்று வீதத்துக்கு மேல் பெருக்கும். மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் ஏறத்தாழ 83இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதேபோல் பாரம் ஏற்றவென்று விறைப்பாகச் செய்த பத்து பிளை டயர்தான் பலம் என்று வாங்கி, வருடம் முழுக்க வெறும் பெட்டியோடு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்லு, மணல், சீமெந்து என்று நாளாந்தம் பாரம் ஏற்றாவிட்டால் அந்த விறைப்பு தேவையில்லை. பாரமில்லாத வண்டியில் அது வீதியோடு படியாமல் துள்ளும்.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கடற்கரையில் இருக்கிற நாங்கள்தான் இந்தத் தவறை அதிகம் விடுகிறோம். ஒரு மாரியில் நிலாவெளிக் கரையில் மச்சானின் கரைவலையை ஏற்றுவதற்காக மணலில் இறங்கினேன். புதையாமல் இருக்க நாலு சில்லுக்கும் காற்றை 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வரை இறக்கினோம். வேலை முடியும்போது இருட்டி, மழையும் பிடித்துவிட்டது. "காத்தடிச்சிட்டுப் போவம்" என்று மச்சான் சொன்னான். டவுனில் அடிக்கலாம் என்று நான் கிளம்பிவிட்டேன். சாம்பல்தீவுப் பக்கம் வீதியோரம் தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டது. கையில் எந்தப் பாரமும் இல்லை. திருப்பினாலும் வண்டி கேட்கவில்லை. காலை எடுத்துவிட்டு, பிறேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். டயர் மறுபடி தாரைத் தொட்டதும் வண்டி ஒரு உலுப்பு உலுப்பியது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மச்சானும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1960களில் நாசா விமானச் சில்லுகளை வைத்துச் செய்த சோதனைகளில், டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்று கண்டார்கள். அந்தக் கணக்குப்படி 35 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீற்றர். 20 ஆனால் 74. பூவில்லாத டயருக்கான கணக்கு அது, உங்கள் டயருக்கு எண்கள் மாறும். ஆனால் காற்றுக் குறைந்தால் மிதப்பு முந்தி வரும் என்பது மாறாது. பற்றரியில் ஓடும் சின்னக் கொம்பிரசர் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். மணலை விட்டு ஏறியதும் அங்கேயே அடியுங்கள். அடிக்கும் அளவு சாரதிக் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. டயரில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதை அடிக்கக்கூடாது. எல்.ரி. ரக, அதாவது சிறு லொறிகளுக்கான டயருக்கு மாறினால் மட்டும் தாளில் உள்ளதைவிடக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்று கடையில் கேட்டு எழுதி வையுங்கள்.

பூ நன்றாக இருக்கிறதென்று பழைய கையிருப்பை வாங்காதீர்கள். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். வெயிலில் கிடந்த றப்பர் இறுகிப்போகும்; இறுகியது ஈரத்தில் பிடிக்காது.

காசில்லாமல் இரண்டு மட்டும் மாற்றுகிறவர்கள் புதியதை முன்னுக்குப் போடச் சொல்வார்கள். பின்னுக்குப் போடுங்கள். வெறும் பெட்டியோடு பின்பக்கம் ஏற்கெனவே பாரம் குறைந்தது; அங்கே பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். ஃபோர் வீல் போட்டிருக்கிறேன், பயமில்லை என்று மழையில் விரட்டுவதும் வேண்டாம். அது புறப்படவும் ஏறவும் உதவும். கந்தளாய் வீதியில் இருட்டில் மாடு குறுக்கே நின்றால், நிற்பதற்கு டயரும் பிறேக்கும் மட்டும்தான்.

பள்ளத்தின் அடியில் இருக்கும் சின்ன மேடு 1.6 மில்லிமீற்றர் உயரம். தேய்ந்து அந்த மட்டத்துக்கு வரும்வரை காத்திருந்தால் மாரியில் காலம் கடந்துவிடும். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, பிள்ளைகளின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில் அளக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் எலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போடாதீர்கள். 4 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் புரட்டாதியிலேயே கடைக்குச் சொல்லி வையுங்கள். கார்த்திகையில் தேடினால் உங்கள் அளவு கிடைக்காமல், இருப்பதைப் போட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கும்.