அப்பச்சியின் கட்டிலை மாற்றினோம்

விபத்தில் தலையில் அடிபட்ட அப்பச்சி, காரைக்குடி வீட்டின் உள்ளறையிலேயே முடங்கிப் பேச்சும் குறைந்துபோனார். பிசியோதெரபிஸ்ட்தான் இடத்தை மாற்றச் சொன்னார்; பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கும் இடம் மூளைக்கு நல்லதாம். 1947-லேயே கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப், வீட்டில் வளைய வந்து வளர்ந்த எலிகள் கூண்டு எலிகளைவிட நன்றாகக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். சரி என்று கட்டிலை முற்றத்தைச் சுற்றிய வளவுப் பக்கம் போட்டோம். வெளிச்சம், ஆள் நடமாட்டம், ஆத்தா முறுக்கு பிழிவது எல்லாம் கண்ணெதிரே.

ஆனால் டிவி ஓட, நாலு பேர் சேர்ந்து பேசினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அடிபட்ட மூளைக்கு இரைச்சல் பெரும் பாரம். டிவியை நிறுத்தினோம், ஒருவர் முடித்தபின் அடுத்தவர் பேசினோம். பூப்போட்ட ஆத்தங்குடித் தரையில் படி விளிம்பு அவருக்குப் பிடிபடவில்லை; மஞ்சள் பட்டை ஒட்டினேன். இடப்பக்கத்தைக் கவனிக்காமலே விடுவார், அதனால் வெற்றிலைப் பெட்டியை அங்கேதான் வைத்தோம். இப்போது தேடி எடுக்கிறார். வருகிறவர்களை "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று அவரே கேட்கிறார். மாலையானால் மட்டும் இன்னும் சீக்கிரம் களைத்துவிடுகிறார்.