சமண்டலை மரத்தைத் தெரிவு செய்து பயன்படுத்தும் முறை

திருகோணமலையில் சமண்டலை என்றும் சாவண்டலை என்றும் வழங்கும் மரம், ஆங்கில மர வணிகத்தில் இவ்வூரின் பெயராலேயே ‘டிரிங்கோமலி வுட்’ என அறியப்படுகிறது. முன்னாளில் இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறிய இம்மரம், கரையலையில் மோதி ஏறும் மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. பாலை மரம் இதைவிடப் பாரமானது, முதிரை மரம் இதைவிட அழகானது. ஆயினும் அதிர்வைத் தாங்கி, முறியாமல் வளைந்து நிமிர்வதில் சமண்டலையே மேலானது. ஆகவே வேலித் தூணுக்குப் பாலையையும் கதவுக்கு முதிரையையும் எடுத்துக்கொண்டு, கோடாலிப் பிடி, ஏர்க்கால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் ஆகியவற்றுக்குச் சமண்டலையை ஒதுக்குவதே முறை. சாராயத்தை முதிர வைக்கும் பெரிய பீப்பாய்களும் இம்மரத்தில் செய்யப்படுகின்றன. இதைப் புத்தகத் தட்டுக்கு அறுப்பது, என் கருத்தில், வீண்செலவு.

மரக்காலையில், அதாவது மரம் விற்கும் இடத்தில், வாங்கும்போது முதலில் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள கருஞ்சிவப்பு வைரமே, அதாவது முற்றிய உள்மரமே, வேலைக்கு உரியது. சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும். அடுத்தது எடை. 3 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்பும் 6 அடி நீளமும் உள்ள காய்ந்த சட்டம் ஏறத்தாழ ஆறரைக் கிலோ இருக்கும்; அதே அளவுத் தேக்கு ஐந்து கிலோவைக்கூட எட்டாது. சட்டம் எட்டுக் கிலோவுக்கு மேல் நிறுத்தால் ஈரம் இன்னும் வற்றவில்லை என்று கொள்ளலாம்.

பச்சை மரத்தை வெயிலில் போட்டால் முனைகள் வெடிக்கும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் தடிப்பாகப் பெயின்ற் பூசி, நிழலில், நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைகளுக்கிடையே ஒரே தடிப்புள்ள சிறு சட்டங்களை வைத்து அடுக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. அவசரப்படுவோருக்கு இம்மரம் ஏற்றதன்று.

பிடி செய்வதற்கான துண்டை வாளால் அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பது நல்லது, ஏனெனில் பிளவு இழையோடு ஓடுவதால் இழை முனைக்கு முனை நேராக நிற்கும். இழை பக்கவாட்டில் வெளியேறும் இடத்திலேதான் பிடி முறியும். நன்கு காய்ந்த பின்னரே பிடியைக் கோடாலியின் காதில் (பிடி நுழையும் துளையில்) இறுக்க வேண்டும். ஈரப்பிடி சில மாதங்களில் சுருங்கித் தளர்ந்து, கோடாலி கழன்று பறக்கும் ஆபத்து உண்டு. ஆணி அடிப்பதானால் முதலில் சற்றுச் சிறிய துளையிடுக. கைபடும் பகுதிக்கு வார்னிஷ் வேண்டாம். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயைத் துணியால் மெல்லியதாகத் தேய்த்தாலே போதும்.

சொந்தக் காணியில் நட விரும்புவோர், விதையைச் சுற்றியுள்ள விறைத்த மயிர்கள் கடுமையாக அரிக்கும் என்பதால், கையுறை அணிந்தே சிறகுள்ள காய்களை உடைக்க வேண்டும்.

மரத்தை வாங்கி ஏற்றிச் செல்லுமுன் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் விற்பவரிடம் உள்ளதா என்று பார்த்து, அதில் எழுதிய அளவும் ஏற்றிய அளவும் ஒத்திருப்பதை உறுதி செய்துகொள்க.